வேலை இல்லை என்பதையாவது சொல்லுங்கள்

ஆரணியை ஒட்டிய காலனி ஒன்றில் காலை ஏழு மணிக்குத் தூக்குவாளியோடு புறப்பட்டுப் போன அம்மா ஒருவர், எட்டரை மணிக்கெல்லாம் திரும்பி வந்தார். வாளியில் சோறு அப்படியே இருந்தது. பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துவது பற்றி வேப்பமரத்தடியில் பேசிக்கொண்டிருந்த நாங்கள், "என்னம்மா, வேலை இல்லையா?" என்று கேட்டோம்.

"இல்லன்னு சொல்லல சார். பாவு வந்தா சொல்லி அனுப்பறேன்னாங்க."

"எப்ப வருமாம்?"

"அதெல்லாம் நாம கேக்க முடியுமா?"

பதினெட்டு ஆண்டுகளாகத் தறி வேலைக்குத் துணையாளாகப் போகிறவர் அவர். தார் சுற்றுவார், அறுந்த இழையை எடுத்துக் கொடுப்பார், கோர்வைச் சேலை என்றால் தறியில் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளுவார். பதினெட்டு ஆண்டுகள் ஒரு தொழிலில் இருந்த ஒருவருக்கு, வேலை ஏன் நின்றது, எத்தனை நாளைக்கு நிற்கும் என்று கேட்கும் உரிமை இல்லை. கேட்கலாம் என்ற எண்ணமே வரவில்லை. இந்த வாரம் இதைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

பாவு நின்றால்

ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. ஊருக்குள்ளும் முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம், தேவிகாபுரம் எனச் சுற்றியுள்ள ஊர்களிலும் தறிச் சத்தம் கேட்காத தெரு குறைவு. ஆனால் இங்கே இருக்கும் எதுவும் ஆரணியின் கையில் இல்லை. கச்சாப் பட்டு பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது. ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது. நெய்த சேலை சென்னை, பெங்களூரு ஜவுளிக்கடைகளுக்குப் போகிறது. பட்டு விலை ஏறினாலும் தறி நிற்கும். கடையில் சேலை தேங்கினாலும் தறி நிற்கும். 2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றபோது நின்றது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது தடுமாறியது. 2020-இல் கொரோனா ஊரடங்கில் முழுவதுமாக நின்றது. கைத்தறிச் சேலை மாதிரியே விசைத்தறியில் நெய்து குறைந்த விலைக்கு விற்பதால் இப்போதும் அடிக்கடி நின்று நின்று ஓடுகிறது.

மந்தம் வருவதை நாங்கள் யாருடைய குற்றம் என்றும் சொல்லவில்லை. மந்தம் வந்த செய்தி எப்படிக் கீழே இறங்குகிறது என்பதைத்தான் பார்க்கச் சொல்கிறோம்.

ஜவுளிக்கடைக்காரர் முதலாளியிடம் தொலைபேசியில் பேசுவார். "இப்போதைக்குச் சரக்கு அனுப்பாதீங்க, பழைய பாக்கியை ரெண்டு மாசத்துல தர்றேன்" என்று காரணமும் கெடுவும் சொல்வார். முதலாளி, சேலை கொண்டுவரும் நெசவாளரிடம் "அடுத்த பாவு கொஞ்சம் தள்ளிப் போகும்" என்பார். காரணம் பாதி போய்விட்டது. கெடு முழுவதும் போய்விட்டது. நெசவாளர் தன் துணையாளிடம் "நாளைக்கு வராத, சொல்லி அனுப்பறேன்" என்பார். காரணமும் இல்லை, கெடுவும் இல்லை. படிக்குப் படி செய்தி தேய்ந்து, கடைசிப் படியில் நிற்பவருக்கு ஒரு வார்த்தைதான் மிஞ்சுகிறது. அந்தக் கடைசிப் படியில் பெரும்பாலும் நிற்பது காலனியிலிருந்து வரும் ஆண்களும் பெண்களும்தான்.

காலனிகளில் சொந்தமாகத் தறிக்குழி வெட்டிக் கூலிக்கு நெய்யும் குடும்பங்களும் இருக்கின்றன. அவர்களுக்கு அந்த ஒரு வார்த்தைகூட நேரில் வருவதில்லை. பாவு வாங்கப் போகும்போது, "இன்னைக்கு இல்ல, அடுத்த வாரம் பார்க்கலாம்" என்பார்கள். அடுத்த வாரமும் அதே பதில். ஊர்த் தெருவில் இரண்டு தறி ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்த பிறகுதான், தமக்கு மட்டும் பாவு நின்றுவிட்டது அவர்களுக்குப் புரியும். நிற்கும்போது காலனித் தறி முதலில் நிற்கிறது. ஓடும்போது கடைசியில் ஓடுகிறது. எந்தக் கணக்கில் இந்த வரிசை என்று யாரும் சொல்வதில்லை. சொல்லாமல் விட்டாலும் எல்லோருக்கும் தெரிந்த கணக்குதான் அது.

சொல்லாததன் விலை

"சொன்னால் மட்டும் என்ன, வேலை வந்துவிடுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. வேலை வராது. ஆனால் சொல்லாமல் இருப்பதற்கு ஒரு விலை இருக்கிறது. அதைத் தொழிலாளி கொடுக்கிறார்.

தறித் தொழிலில் முன்பணம் பழைய வழக்கம். திருமணம், காதுகுத்து, மருத்துவமனைச் செலவு, கூரை மாற்றுவது என்று வாங்கியது. அந்தப் பணம் நிற்கும்வரை வேறு இடத்துக்கு வேலைக்குப் போக முடியாது. "அட்வான்ஸைக் கீழ வச்சுட்டுப் போ" என்ற ஒரு சொல்லில் எல்லாம் அடங்கிவிடும். வேலை ஓடும் காலத்தில் கூலியில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்வார்கள். வேலை நின்ற காலத்தில் கூலி கிடையாது. வீட்டில் அரிசிக்கு வேண்டும் என்று போய் நின்றால் ஐந்நூறு, ஆயிரம் கொடுப்பார்கள். அது உதவி என்று பெயர் பெறும். நோட்டில் கடன் என்று ஏறும். சந்தையில் வந்த நட்டம் இப்படித்தான் காலனி வீட்டுக் கடனாக மாறுகிறது. மந்தம் தீர்ந்து தறி ஓடத் தொடங்கும்போது முதலாளிக்குப் புது ஆர்டர் வந்திருக்கும். தொழிலாளிக்குப் பழைய கடன் கூடியிருக்கும்.

அந்த அம்மாவிடம் அன்று காலை, "ரெண்டு மாசத்துக்கு வேலை இருக்காதும்மா, அதுவரைக்கும் வேற எங்க வேணும்னாலும் போய்க்கோ, பாவு வந்ததும் சொல்றேன்" என்று சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? நூறு நாள் வேலைக்கு எழுதிக் கொடுத்திருப்பார். நடவு, களையெடுப்புக்குப் போயிருப்பார். ஆரணி அரிசி ஆலைகளில் கேட்டிருப்பார். வீட்டில் பெரிய பெண்ணுக்குச் செய்யாறு சிப்காட் காலணி ஆலையில் இடம் இருக்கிறதா என்று விசாரித்திருப்பார். சொல்லாததால், "இன்னைக்குச் சொல்லி அனுப்புவாங்க, நாளைக்குச் சொல்லி அனுப்புவாங்க" என்று வாசலிலேயே காத்துக்கிடப்பார். வேறு வேலைக்குப் போன அன்று பாவு வந்து, தான் இல்லாமல் போனால் அந்த இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்துவிடுவார் என்ற பயம். முன்பணத்தைக் கேட்டுவிடுவார்களே என்ற பயம். வேலையும் கொடுக்காமல் வேறு வேலைக்கும் விடாமல் ஓர் ஆளைக் கட்டிவைக்கச் சங்கிலி தேவையில்லை. ஒன்றும் சொல்லாமல் இருந்தாலே போதும்.

கட்டப்பட்டவர் பெரியவராக மட்டும் இருப்பதில்லை. இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைகளாக இருந்த குழந்தைகளைப் பற்றி மனித உரிமைக் கண்காணிப்பகம் 2003 ஜனவரியில் ஓர் அறிக்கை வெளியிட்டது. காஞ்சிபுரத்துத் தறிகளும் அதில் உண்டு. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகத் தறியில் உட்கார்ந்த அந்தக் குழந்தைகளில் தலித் குழந்தைகள் ஏராளம். அந்த நிலை இன்று வெகுவாக மாறியிருக்கிறது; பள்ளிக்கூடம் மாற்றியது, போராட்டம் மாற்றியது. ஆனால் ஒவ்வொரு மந்தத்தின் முடிவிலும், ஏறிய கடனை அடைக்கப் பத்தாம் வகுப்போடு நிற்கும் பிள்ளை ஒன்றை ஏதாவது ஒரு தெருவில் நாங்கள் இன்றும் பார்க்கிறோம்.

பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்

2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் பேசினார். நள்ளிரவிலிருந்து நாடு முழுவதும் ஊரடங்கு. நான்கு மணி நேரம்தான் இடைவெளி. உள்ளூர் முதலாளி மட்டும்தான் சொல்லாமல் செய்கிறார் என்று நினைக்க வேண்டாம்.

மார்ச் 29 அன்று ஒன்றிய உள்துறை அமைச்சகம் ஓர் உத்தரவு போட்டது. ஊரடங்கு காலத்தில் தொழிலாளர்களுக்குப் பிடித்தம் இல்லாமல் முழுக் கூலியும் கொடுக்க வேண்டும் என்றது. மே மாதம் அந்த உத்தரவு விலக்கிக்கொள்ளப்பட்டது. இடைப்பட்ட 50 நாள் கூலி என்ன ஆயிற்று? வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. ஜூன் 12 அன்று நீதிமன்றம் சொன்னதன் சாரம் இதுதான்: முதலாளிகளும் தொழிலாளர்களும் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள், கூலி கொடுக்காத முதலாளிகள்மீது கட்டாய நடவடிக்கை எடுக்க வேண்டாம்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கே உட்காருவது? தறி இருக்கும் கூடம் வரை உள்ளே போகலாம், அதற்கு மேல் கூடாது. தண்ணீர் கேட்டால் தனிக் குவளை. இந்த நிலை அடியோடு போய்விட்டது என்று இந்தப் பகுதியில் யாரும் நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியாது. அறுபது வயதுத் துணையாளைத் தறிக்காரர் வீட்டுப் பையன் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். அவர் அவனை "சின்னய்யா" என்கிறார். இந்த இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து 50 நாள் கூலியைப் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும்! சம அந்தஸ்து இல்லாத இடத்தில் பேச்சுவார்த்தை என்பது, ஒருவர் பேச மற்றவர் தலையாட்டுவதில்தான் முடியும். எங்களுக்குத் தெரிந்த குடும்பங்களில் அந்த 50 நாள் கூலியைப் பற்றி யாரும் பேசவும் இல்லை, தீர்க்கவும் இல்லை.

அதே ஆண்டு ஜூலை 27 அன்று, அகில இந்தியக் கைத்தறி வாரியத்தையும் ஒன்றிய அரசு கலைத்தது. நெசவாளர்களின் குரல் அரசின் காதுக்குப் போக இருந்த வழிகளில் அதுவும் ஒன்று. அடுத்த பதினோராம் நாள், ஆகஸ்டு 7, தேசியக் கைத்தறி நாள். வாழ்த்துச் செய்திகள் மட்டும் தவறாமல் வந்தன.

அம்பேத்கர் போட்ட நாற்காலி

நெசவுக்கும் தீண்டாமைக்கும் உள்ள உறவை அம்பேத்கர் நன்றாக அறிந்திருந்தார். அன்றைய பம்பாய்ப் பஞ்சாலைகளில் நூற்புப் பிரிவில் தலித் தொழிலாளர்கள் வேலை செய்தார்கள். கூலி அதிகமான நெசவுப் பிரிவில் அவர்களைச் சேர்ப்பதில்லை. நாடாவில் புதுத் தார் மாற்றும்போது நூல் நுனியை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். தலித் வாய் பட்ட நாடாவைத் தாங்கள் தொடமாட்டோம் என்று மற்றத் தொழிலாளர்களே மறுத்தார்கள். 1928-இல் பம்பாயில் மாபெரும் ஆலை வேலைநிறுத்தம் நடந்தபோது, இந்த அநீதியையும் கோரிக்கையில் சேர்க்க வேண்டும் என்று அம்பேத்கர் வற்புறுத்தினார். முதலாளியிடம் நியாயம் கேட்பவர்கள் சக தொழிலாளிக்கு நியாயம் செய்ய வேண்டாமா என்பது அவர் கேள்வி. முதலாளி நமக்கு ஒன்றும் சொல்வதில்லை என்று வருந்தும் நம் நெசவாளத் தோழர்களும், தங்கள் துணையாளுக்குத் தாங்கள் என்ன சொல்கிறோம் என்று ஒருமுறை யோசித்துப் பார்க்க வேண்டும்.

அம்பேத்கர் 1942 ஜூலையில் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். அடுத்த மாதமே, ஆகஸ்டு 7 அன்று டெல்லியில் முத்தரப்புத் தொழிலாளர் மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். அரசு, முதலாளிகள், தொழிலாளர்கள் ஆகிய மூன்று தரப்பும் ஒரே மேசையைச் சுற்றி உட்காரும் ஏற்பாடு அது. போர்க்காலம், விலைவாசி ஏறிக்கொண்டிருந்தது, தட்டுப்பாடு. அப்படிப்பட்ட நெருக்கடிக் காலத்தில்தான் தொழிலாளிக்கு நாற்காலி போட வேண்டும் என்று அவர் நினைத்தார். கைத்தறி நாள் என்று நாம் கொண்டாடும் அதே ஆகஸ்டு 7-க்கு இப்படியும் ஒரு வரலாறு இருப்பதை நம் மாணவர்கள் அறிய வேண்டும்.

சட்டத்தில் இருப்பது

வேலை நிற்பதை முன்கூட்டியே சொல்வது முதலாளியின் பெருந்தன்மை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சட்டம் அப்படி நினைக்கவில்லை. ஓராண்டு தொடர்ந்து வேலை செய்த தொழிலாளியை ஆட்குறைப்பு செய்வதானால், காரணத்தைக் குறிப்பிட்டு ஒரு மாதம் முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டும், அல்லது அந்த மாதச் சம்பளத்தைக் கொடுக்க வேண்டும் என்றது 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டம். அதன் இடத்தில் கொண்டுவரப்பட்ட 2020-ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டத்தொகுப்பிலும் இந்த விதி இருக்கிறது. அமெரிக்காவில் 100 பேருக்கு மேல் வைத்து நடத்தும் நிறுவனம் பெருமளவில் ஆட்களை நிறுத்துவதானால் 60 நாள் முன்பே சொல்ல வேண்டும் என்று 1988-இலேயே சட்டம் வந்துவிட்டது.

ஆனால் இந்தச் சட்டமெல்லாம் ஆலை வாசலோடு நின்றுவிடுகிறது. வீட்டுக்கூடத்தில் ஓடும் தறிக்கும், அதில் துணையாளாக உட்காரும் பெண்ணுக்கும் அது எட்டுவதில்லை. அவர் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் சுமார் 35 லட்சம் கைத்தறித் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். நெசவாளர் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக்கு மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் கீழே. நெசவாளர் குடும்பத்துக்கே இந்த நிலை என்றால், அவருக்குக் கீழே கூலி வாங்கும் துணையாளின் நிலை என்னவென்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நமக்கு எட்டும் சட்டம் ஒன்று இருக்கிறது. அது 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம். முன்பணம் வாங்கியதற்காக ஒருவர் வேறு வேலைக்குப் போகும் சுதந்திரத்தையோ, விருப்பப்பட்ட இடத்துக்குப் போகும் சுதந்திரத்தையோ இழந்திருந்தால் அது கொத்தடிமை முறை. அந்தக் கடனும் சட்டப்படி செல்லாது. அது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பும் கடன் கொடுத்தவருடையதுதான். குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்பு என்று உச்ச நீதிமன்றம் 1982-இல் தீர்ப்பளித்திருக்கிறது. இந்தச் சட்டத்தின்படி அமையும் மாவட்டக் கண்காணிப்புக் குழுவில் பட்டியல் சாதி, பழங்குடியினர் மூன்று பேர் இடம்பெற வேண்டும். கோட்ட அளவிலும் குழு உண்டு. ஆரணியிலேயே கோட்டாட்சியர் அலுவலகம் இருக்கிறது. மனு கொடுக்க வெகுதூரம் போக வேண்டியதில்லை.

என்ன சொல்ல வேண்டும்?

சிறு முதலாளிகளின் கஷ்டம் எங்களுக்குத் தெரியாதது இல்லை. கடைக்காரர் ஆறு மாதம் பாக்கி வைக்கிறார். பட்டு வியாபாரி ரொக்கம் கேட்கிறார். "எனக்கே எப்ப வேலை வரும்னு தெரியலையே, நான் என்னத்தைச் சொல்ல?" என்று ஒருவர் எங்களிடம் கேட்டார். தெரியவில்லை என்பதையே சொல்லலாம். "தெரியல, பதினஞ்சு நாள் கழிச்சு வாங்க, அப்ப தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன்" என்றால் அதுவும் ஒரு தகவல்தான். அதை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் பதினைந்து நாளைத் திட்டமிடும்.

நாங்கள் கேட்பது பெரிதில்லை. வேலை ஏன் நின்றது என்று சொல்லுங்கள். எத்தனை நாள் நிற்கும், அல்லது எந்தத் தேதியில் மறுபடி சொல்வீர்கள் என்று சொல்லுங்கள். முன்பணம் எவ்வளவு, பிடித்தது எவ்வளவு, நிற்பது எவ்வளவு என்பதை எழுதிக் கையில் கொடுங்கள். வேலை இல்லாத நாளில் வேறு வேலைக்குப் போகலாம், அதற்காக முன்பணத்தைக் கேட்க மாட்டோம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வேலை வரும்போது யாருக்கு முதலில், யாருக்குப் பிறகு என்ற வரிசையை எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். பையனை அனுப்பித் தெருமுனையில் நின்று கத்தச் சொல்ல வேண்டாம். எல்லோரையும் ஓரிடத்தில் உட்காரவைத்து, நீங்களும் உட்கார்ந்து சொல்லுங்கள்.

கணக்குத் தெரிந்தால் தொழிலாளி பாரத்தைப் பங்குபோட்டுக்கொள்வார் என்பதற்கு நம் பக்கத்து மாநிலமே சாட்சி. கேரளத்தில் பீடித் தொழிலாளர்களைக் காக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, பெரிய பீடி நிறுவனம் ஒன்று வேலையை நிறுத்திவிட்டது. ஆயிரக்கணக்கானோர் தெருவுக்கு வந்தார்கள். அவர்கள் 1969-இல் கண்ணூரில் தினேஷ் பீடி கூட்டுறவு சங்கத்தைத் தொடங்கினார்கள். வேலை நேரத்தில் ஒருவர் செய்தித்தாள் படிக்க மற்றவர்கள் கேட்டுக்கொண்டே பீடி சுற்றும் வழக்கம் அந்தப் பகுதித் தொழிலாளர்களிடம் வேரூன்றியிருந்தது. சந்தை நிலவரம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பின்னாளில் பீடி விற்பனை சரியத் தொடங்கியபோது குடை, உணவுப் பொருள் என்று சங்கம் வேறு தொழில்களுக்கும் போனது. நம் நெசவாளர் கூட்டுறவு சங்கங்களும் பேரவைக் கூட்டத்தைக் கையெழுத்துக்காக நடத்தாமல், கணக்கை உரக்கப் படிப்பதற்காக நடத்தலாம். துணையாட்களுக்கும் அங்கே இடம் போடலாம்.

மாணவர்களுக்கு ஒரு வேலை

காலனிப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறோம். உங்கள் வீட்டில், அரிசிப் பானைக்குப் பின்னாலோ பெட்டிக்கு அடியிலோ ஒரு நோட்டு இருக்கலாம். அதில் உங்கள் அப்பா, அம்மாவின் பெயருக்கு நேரே எண்கள் இருக்கும். அதை எடுத்துக் கூட்டிப் பாருங்கள். எந்தத் தேதியில் எவ்வளவு வாங்கியது, எவ்வளவு பிடித்தது என்று தனித்தாளில் எழுதுங்கள். வேலை இல்லாத நாட்களையும் குறித்துவையுங்கள். நோட்டே இல்லை என்றால் இன்றைக்கே நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி முதல் வரியை எழுதுங்கள். நாளை கோட்டாட்சியர் முன்னால் போய் நிற்க வேண்டிவந்தால் உங்கள் கையெழுத்தில் இருக்கும் அந்தக் கணக்குதான் பேசும்.

அந்த அம்மாவுக்குப் பத்து நாள் கழித்துச் சொல்லி அனுப்பினார்கள். அதற்குள் இரண்டாயிரம் ரூபாய் கடன் ஏறியிருந்தது. தூக்குவாளியோடு புறப்பட்டவரை, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் அவர் மகள் வாசலில் நிறுத்தினாள். "அம்மா, எத்தனை நாளைக்குப் பாவு இருக்குன்னு கேட்டுட்டு வாம்மா."

"கேக்கறேன்" என்றார் அம்மா.

சாயங்காலம் போய் விசாரித்தோம். கேட்டிருக்கிறார். "ஒன்றரை மாசத்துக்கு இருக்கு" என்று பதிலும் வந்திருக்கிறது. மகள் அதை நோட்டில் தேதி போட்டு எழுதிவைத்திருந்தாள்.